காத்து எந்தப் பக்கம்?

போன இதழில் ஒரு வாசகிக்குப் பதில் எழுதும்போது, "மகள் ஊரில் காலையில் எழுந்ததும் காப்பிக்கு முன்னால் காத்து எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள்" என்று ஒரு வரி போட்டிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. இட்லிமாவு புளிப்பது, பேரன் படிக்காதது எல்லாம் அடுத்த இதழுக்கு. இந்த முறை எரிமலை மட்டும். அங்கே காத்து எந்தப் பக்கம் என்று பார்ப்பதே எரிமலைப் புகைக்காகத்தான்.

தெரியாதவர்களுக்காக: மகள் இருப்பது ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் பெரிய தீவில், கிழக்குக் கரையில், ஹிலோ என்ற ஊரில். 2024 நவம்பரில் போய் 2025 ஏப்ரலில் எங்கள் ஊர் கோபிக்கு, அதாவது கோபிசெட்டிபாளையத்துக்குத் திரும்பினேன். 31 வருசம் பூகோளம் நடத்தியவள் நான். எரிமலை என்றால் எனக்குச் சாக்பீஸில் படம் போட்டுப் பாகம் குறிக்கிற ஒன்றாகத்தான் இருந்தது.

பனியன் கம்பெனி டைலர், திருப்பூர்: டீச்சருங்க, அங்கே எப்ப வெயில், எப்ப மழை? நம்ம மாதிரி சித்திரை வெயில், ஐப்பசி மழைன்னு கணக்கு உண்டுங்களா?

கணக்கு உண்டு, ஆனால் நம் கணக்கு அங்கே செல்லாது. ஏறக்குறைய மும்பையின் அட்சரேகையில்தான் அந்தத் தீவு இருக்கிறது. நாலு பக்கமும் கடல் என்பதால் சூடு ஏறவும் விடாது, இறங்கவும் விடாது. ஹிலோவில் ஆகஸ்டுக்கும் பிப்ரவரிக்கும் இரண்டு மூன்று டிகிரிதான் வித்தியாசம். அந்த மண்ணின் மக்கள் வருடத்தை இரண்டாகத்தான் பிரித்திருக்கிறார்கள். மே முதல் அக்டோபர் வரை 'காவு', நவம்பர் முதல் ஏப்ரல் வரை 'ஹோயிலோ'. முதலாவது வெயில் காலம், இரண்டாவது மழை காலம். நான் போய் இறங்கியது சரியாக மழை தொடங்கும்போது.

ஹிலோவில் வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. நம் கோயமுத்தூருக்கு அறுநூறு எழுநூறு வந்தாலே கும்பிடுகிறோம். நான் போய் இறங்கிய வாரத்திலேயே துவைத்த பாவாடையைக் கொடியில் போட்டேன், நாலு நாள் காயவில்லை. ஐந்தாம் நாள் மகள் எதுவும் பேசாமல் எடுத்துக்கொண்டு போய் மெஷினில் போட்டுக் காயவைத்தாள். கோபியில் அரை மணி நேரத்தில் மொடமொடவென்று ஆகிவிடும் துணி அது!

வேடிக்கை என்னவென்றால், அதே தீவின் வடமேற்குக் கரையில் கவாய்ஹாயே என்ற ஊரில் வருடத்துக்கு 250 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் பெய்கிறது. ஹிலோவிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வழியெல்லாம் மரம், பாசி, பெரணி. மேட்டைத் தாண்டி இறங்கினால் காய்ந்த புல். காரணம், நம் பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் நெட்டுருப் போடுகிற அதே மழை மறைவுப் பகுதிதான். பெரும்பாலான நாள் ஒரே திசையில் அடிக்கும் வியாபாரக் காற்று வடகிழக்கிலிருந்து ஈரத்தைச் சுமந்து வந்து மலையில் மோதி இந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. ஆனைமலைக்கு அந்தப் பக்கமும் மேலேயும் கொட்டோ கொட்டென்று கொட்டிவிட்டு, காங்கேயம் தாராபுரத்துக்கு வரும்போது வெறும் காத்து வருகிறதே, அதே கதை. அங்கே காற்று கிழக்கிலிருந்து, இங்கே மேற்கிலிருந்து. அவ்வளவுதான் வித்தியாசம்.

கொப்பரைக் களத்துக்காரர், காங்கேயம்: மழை நாளில் கொப்பரைக்குப் பூஞ்சை பிடிக்காமல் இருக்கச் சிலர் கந்தகப் புகை போடுவார்கள். அந்தப் பக்கம் நடந்தாலே தொண்டை கமறும், கண் எரியும். எரிமலையிலும் கந்தகம் உண்டு என்கிறார்களே, எப்படிங்க இருக்கிறார்கள்?

வந்த கடிதங்களில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது உங்களுடையதுதான். நீங்கள் களத்தில் மூக்கைப் பொத்திக்கொள்கிற அதே வாயுதான் அங்கே மலையிலிருந்து வருகிறது. கந்தக டை ஆக்சைடு. தீக்குச்சி உரசினதும் முதல் நொடியில் மூக்கில் ஏறுமே, அந்த வாடை.

கீலவேயா என்ற எரிமலை மகள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம். 1983 ஜனவரியிலிருந்து 2018 வரை கிட்டத்தட்ட விடாமல் குமுறிக்கொண்டே இருந்த மலை. நான் அங்கே இருக்கும்போது, 2024 டிசம்பர் 23 விடியக்காலம், உச்சிப் பள்ளத்தில் மறுபடி தொடங்கியது. மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் நெருப்புக் குழம்பு ஊற்று மாதிரி பீறிடும். பிறகு பல நாள் அடங்கிக் கிடக்கும். மறுபடி பீறிடும். அடங்கிக் கிடக்கும் நாளிலேயே ஆயிரம், இரண்டாயிரம் டன் கந்தக டை ஆக்சைடு வெளியே வரும். பீறிடும்போது வரும் வேகத்திலேயே ஒரு நாள் முழுக்க வந்தால் 50,000 டன்னைத் தாண்டும். பத்து டன் லாரியில் ஏற்றினால் ஐயாயிரம் லாரி. உங்கள் களத்தில் போடுவது எத்தனை கிலோ என்று நினைத்துப் பாருங்கள்.

வந்த வாயு அப்படியே இருப்பதில்லை. வெயிலும் ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்து சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் அதைக் கந்தக அமிலத் துளியாக, சல்பேட் துகளாக மாற்றிவிடும். அந்தப் புகையும் துகளும் கலந்த மூட்டத்துக்கு 'வாக்' என்று பெயர். வால்கேனோவையும் ஸ்மாக்கையும் ஒட்டவைத்த பேச்சு. நான் எரிமலை மூட்டம் என்றே சொல்கிறேன். மலைக்குப் பக்கத்தில் வாயு அதிகம், வாடை அடிக்கும். தூரத்தில் துகள் அதிகம், வாடை இருக்காது, ஆனால் எதிர்மலை மங்கிவிடும். மூக்கை நம்பி ஏமாறுவது அந்தத் தூரத்தில்தான்.

பிப்ரவரியில் ஒரு காலை, எப்போதும் அடிக்கும் காற்று நின்றுபோயிருந்தது. வானம் மேகமில்லாமலே வெளுத்திருந்தது. சூரியன் பழுத்த ஆரஞ்சு மாதிரி, வெறும் கண்ணால் பார்க்கும்படி தொங்கியது. ஓர் அழகுதான். வாசலில் ஐந்து நிமிடம் நின்றேன். நாக்கில் பித்தளைச் சொம்பை நக்கினது போல் ஒரு சுவை, தொண்டையில் கரகரப்பு. மகள் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். எனக்கு உடனே உங்கள் காங்கேயம் களம்தான் ஞாபகம் வந்தது. செக்கில் எண்ணெய் ஆட்ட நான் இப்போதெல்லாம் கந்தகம் படாத கொப்பரையாகக் கேட்டு வாங்குகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், உடுமலை: எரிமலைக்குப் பக்கத்தில் இருப்பவனுக்குத்தானே அம்மா புகை? தள்ளி இருந்தால் தப்பித்தோம் அல்லவா?

உடுமலைக்காரர் நீங்கள் இப்படிக் கேட்கலாமா? உங்கள் ஊரில் அத்தனை காற்றாலைகள் நிற்பது எதனால்? பாலக்காட்டுக் கணவாய் என்று மலையில் ஓர் இடைவெளி இருப்பதால். காற்று தூரத்தைப் பார்ப்பதில்லை, வழியைப் பார்க்கிறது.

ஹிலோ எரிமலைக்குப் பக்கம். ஆனால் வருடத்தில் பெரும்பாலான நாள் அங்கே காற்று சுத்தம், ஏனென்றால் வடகிழக்கிலிருந்து வரும் காற்று முதலில் ஹிலோவைத் தொட்டு, பிறகுதான் எரிமலைக்குப் போகிறது. புகையை அள்ளிக்கொண்டு தென்மேற்கே, கவூ என்ற வட்டாரத்தின் மேல் போய், தீவின் தென் முனையைச் சுற்றி, மேற்குக் கரையில் கோனா என்ற பகுதிக்குப் போய்ச் சேருகிறது. கோனாக்காரர்கள் எரிமலையைக் கண்ணால் பார்ப்பதுகூட இல்லை. இடையில் மௌனா லோவா என்ற 4,169 மீட்டர் மலை. அந்த மலையே காற்றை மறைப்பதால் போன புகை அங்கிருந்து கலையவும் மாட்டேன் என்கிறது. பகலில் கடல் காற்று அதைச் சரிவில் ஏற்றும், இரவில் நிலக் காற்று திரும்பக் கரைக்கு இறக்கும். ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, அதே புகை. செய்யாத குற்றத்துக்குத் தண்டனை.

கோடை மாதங்களில் இந்த வியாபாரக் காற்று அநேகமாகத் தினமும் உண்டு. ஹோயிலோ வந்ததும் தடுமாறும். சில நாள் நின்றுவிடும், சில நாள் தெற்கிலிருந்து திரும்பி அடிக்கும். அதற்குக் கோனாக் காற்று என்றே பெயர். அன்றைக்கு ஹிலோவுக்கு மூட்டம். சில சமயம் முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் ஹொனலுலு நகரத்துக்கும் மூட்டம். நான் போனது அந்தத் தடுமாறும் காலம் என்பதால்தான் எனக்கு இவ்வளவு எழுதக் கிடைத்தது.

நம்மிடம் வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று நாலு திசைக் காற்றுக்கும் நாலு பெயர் இருக்கிறது. நாமோ இப்போது மொபைலில் வெப்பநிலையை மட்டும் பார்க்கிறோம். அதற்குக் கீழேயே சின்னதாக ஓர் அம்புக்குறி இருக்கும், காற்றின் திசை. ஹிலோவில் எல்லோரும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஒரு பாட்டி, பெருந்துறை: மகனும் மருமகளும் அந்தத் தீவுக்கு வேலைக்குப் போகிறார்கள். பேரனுக்கு ஏழு வயசு, இழுப்பு உண்டு. போகலாமா வேண்டாமா, ஒரு வார்த்தை சொல்லுங்க.

நல்ல காற்று வேண்டும் என்று காசநோய்க்காரர்கள் ஒரு காலத்தில் தேடி வந்த ஊர் உங்களுடையது. சானடோரியம் என்று இன்றும் சொல்கிறோம். அதனால் உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் போகலாமா வேண்டாமா என்பதை உங்கள் குழந்தை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஆஸ்துமா இருப்பவர்களுக்குக் கந்தக டை ஆக்சைடு சில நிமிடங்களிலேயே மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். ஓடியாடும்போது இன்னும் சீக்கிரம். அதனால் எந்த ஊரில் வீடு பார்க்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. வடக்கே வைமேயா, கோஹாலா பக்கம் வியாபாரக் காற்று நாட்களில் மூட்டம் குறைவு. ஹிலோ பெரும்பாலும் பரவாயில்லை. கோனாவும் கவூவும் இந்தப் பிள்ளைக்கு யோசிக்க வேண்டிய இடங்கள்.

இரண்டாவது, ஜன்னல். அங்கே பழைய வீடுகளில் நம் பாத்ரூம் வென்டிலேட்டர் மாதிரி கண்ணாடிப் பட்டைகளை அடுக்கின ஜன்னல்தான் அதிகம். காற்றுக்கு நல்லது, மூட்டத்துக்கு ஆகாது. எவ்வளவு திருகினாலும் இடுக்கு இருக்கும். ஒரே ஓர் அறையாவது ஜன்னல் இறுக மூடுகிறதா என்று பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். மூட்ட நாளில் பிள்ளை அந்த அறையில். காற்று சுத்திகரிப்பு மெஷின் வாங்கினால் துகளுக்கான வடிகட்டி மட்டும் போதாது, வாயுவுக்குக் கரி வடிகட்டியும் வேண்டும். என்-95 முகக்கவசம் துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. இதை நிறையப் பேர் கொரோனா பழக்கத்தில் மறந்துவிடுகிறார்கள். இன்ஹேலர் பையிலேயே இருக்க வேண்டும். பள்ளியில் இன்னொன்று.

அந்தத் தீவில் பல இடங்களில் காற்றை அளக்கும் கருவி வைத்து, பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் காட்டுகிறார்கள். என் ஏழு வயதுப் பேத்தியே பார்த்துவிட்டு, "பாட்டி, இன்னிக்கு மஞ்சள், பிளேகிரவுண்ட் ஓகே" என்பாள். உங்கள் பேரனும் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வான்.

பிளஸ் ஒன் மாணவி, கோபிசெட்டிபாளையம்: எரிமலை மேலே உட்கார்ந்துகொண்டு உலகத்தின் காற்றை அளக்கிறார்கள் என்று படித்தேன். எரிமலைப் புகையைத்தானே அளப்பார்கள்? இன்னொன்று, அங்கே பனி பெய்யுமா?

கண்ணு, முதல் கேள்வியை நான் வகுப்பில் இருந்த காலத்தில் ஒரு பிள்ளைகூடக் கேட்கவில்லை.

மௌனா லோவா சரிவில் 3,397 மீட்டர் உயரத்தில் அந்த ஆய்வகம் இருக்கிறது. சார்லஸ் டேவிட் கீலிங் 1958 மார்ச்சில் அங்கே கார்பன் டை ஆக்சைடை அளக்கத் தொடங்கினார். அப்போது காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்கு. 2025 மே மாதச் சராசரி 430ஐத் தாண்டிவிட்டது. மரமில்லாத, ஊரில்லாத உயரம். நடுக்கடலிலிருந்து வரும் காற்று. அதனால்தான் அந்த இடம். எரிமலை வாயு இரவில் சரிவு வழியாக இறங்கும்போது அளவு திடீர் திடீரென்று துள்ளும். கடல் காற்றின் அளவு துள்ளாமல் நிதானமாக இருக்கும். துள்ளுவதைத் தனியாகத் தெரிந்துகொண்டு ஒதுக்கிவிடுகிறார்கள். அப்புறம் இன்னொரு காரணம்: அந்தத் தீவில் இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில், மேலே போகப் போகக் குளிர வேண்டிய காற்று சூடாகி, பானைக்கு மூடி போட்டது போல் நிற்கும். கீழே உள்ள ஈரம், மேகம், கீலவேயாவின் மூட்டம் எல்லாம் பெரும்பாலும் அந்த மூடிக்குக் கீழேயே அடங்கிவிடும்.

இந்த அளவு வருடா வருடம் மே மாதம் உச்சிக்குப் போய், செப்டம்பர் வாக்கில் இறங்கும். பூமியின் வட பாதிக் காடுகள் துளிர்த்து இழுத்துக்கொள்வதால். பூமி மூச்சு விடுவதை ஒரு கோட்டில் பார்க்கலாம். 2022 நவம்பர் 27 இரவு மௌனா லோவாவே வெடித்து, குழம்பு ஓடி ஆய்வகத்துக்குப் போகும் ரோட்டையும் கரண்ட்டையும் துண்டித்தது. அப்போது எதிரே இருக்கும் மௌனா கேயாவில் தற்காலிகமாக அளந்தார்கள்.

அந்த மௌனா கேயாவில்தான் உன் பனியும். 4,207 மீட்டர். தொட்டபெட்டாவின் தலைமேல் இன்னும் 1,500 மீட்டருக்கு மேல் ஏற்றி வைத்தால் வரும் உயரம். குளிர்காலத்தில் உச்சி வெளுத்திருக்கும். நான் கீழே தென்னை மரத்தடியில் நின்றுகொண்டு பார்த்தேன்.

விவசாயி, தாராபுரம்: மழைநீர்த் தொட்டி வைத்திருக்கிறார்களா? அமில மழை என்றால் குடிப்பது எப்படி?

நாம் 2003ல் சட்டம் போட்டுத் தொட்டி கட்டினோம். அங்கே புனா, கவூ பக்கம் நிறைய வீடுகளுக்குக் குழாயே கிடையாது, கூரைத் தண்ணீர்தான் பிழைப்பு. மூட்டத்துக்குள் விழும் மழை அமிலமாகி, கூரை ஆணி, பெயின்ட், குழாய்ப் பற்றவைப்பு ஆகியவற்றிலிருந்து ஈயத்தைக் கரைத்துக்கொண்டு தொட்டிக்கு வரும். 1988ல் கோனாப் பக்கம் பரிசோதித்தபோது கூரைத் தண்ணீர் குடிக்கும் வீடுகளில் ஏறக்குறைய நாற்பது சதவீதத்தில் ஈயம் இருந்தது. அதனால் ஈயமில்லாத கூரைக்கு மாற்றுவது, தண்ணீரைப் பரிசோதிப்பது, குடிக்கத் தனியாகக் கேன் பிடிப்பது என்று இருக்கிறார்கள். கவூவில் கம்பி வேலியும் சீக்கிரம் துருப்பிடித்து உதிர்ந்துவிடுகிறது.

இன்னொன்று, குழம்பு பீறிடும்போது உருகின கண்ணாடி நூல் நூலாக இழுபட்டுக் காற்றில் பறக்கும். பொன்னிற முடி மாதிரி இருக்கும். பெலே என்பது அவர்களுடைய நெருப்புத் தெய்வம். அதனால் 'பெலேயின் கூந்தல்' என்று பெயர். தொட்டால் தோலில் ஏறும், கண்ணில் பட்டால் தேய்க்கவே கூடாது. தொட்டிக்குப் போகும் குழாயைக் கழற்றி வைத்துவிடுவார்கள். எனக்குப் பெலே என்றதும் பாரியூர்க் காளியம்மன் தீமிதிக் குண்டம்தான் மனசில் வந்தது. அதுவும் மார்கழியில்தானே.

ஜவுளிக்காரர், கரூர்: தமிழர்கள் இருக்கும் எரிமலைத் தீவு ஏதாவது உண்டா?

உண்டு. இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன். 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போனவர்களின் வாரிசுகள் இன்றும் அங்கே தீமிதிக்கிறார்கள். பிரெஞ்சு பேசும் பிள்ளைகள் மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள். எரிமலை பேர் பித்தோன் த லா ஃபூர்னேஸ், 2,632 மீட்டர். அங்கேயும் கிழக்கு ஈரம், மேற்கு வறட்சி. 1966 ஜனவரியில் ஒரு புயலின்போது 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் பெய்தது. கோயமுத்தூருக்கு இரண்டரை வருசத்துக்கு மேல் வரும் மழை, ஒரே நாளில்.

பெயர் வேண்டாம், அவிநாசி: சுத்தி வளைக்காமல் சொல்லுங்க, நம்ம ஊர் காத்து மேலா, அந்த ஊர் காத்து மேலா?

அந்த ஊர். மூட்டமில்லாத நாளில் ஹிலோவின் காற்று கழுவி வைத்த தட்டு.

ஆனால் நம்பரை வைத்து ஒப்பிடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் பி.எம். 2.5 என்கிற நுண்துகள் இருந்தால், நம் நாட்டுக் காற்றுத் தரக் குறியீட்டில் அது 100, 'திருப்தி'. அதே காற்று அமெரிக்கக் குறியீட்டில் 150ஐத் தாண்டி, சிவப்பு, 'ஆரோக்கியக் கேடு'. காற்று ஒன்றுதான், அடிக்கோல் வேறு. என் மருமகன் கோபிக்கு வந்திருந்தபோது அவர் மொபைல் சிவப்பு காட்டியது, என்னுடையது பச்சையில் சிரித்தது. இரண்டும் சரிதான் என்று அவருக்கு விளங்க வைக்க ஒரு டம்ளர் டீ ஆனது. அன்றைக்குப் பக்கத்துக் காட்டில் யாரோ கரும்புச் சோகையைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இல்லத்தரசி, சத்தியமங்கலம்: குழம்பு மகள் வீட்டுக்கு வந்துவிடாதா?

தீவை ஒன்பது ஆபத்து மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள், ஒன்று மோசம், ஒன்பது நிம்மதி. மகள் இருப்பது மூன்று. 2018 மே முதல் ஆகஸ்ட் வரை எழுநூறுக்கு மேற்பட்ட வீடுகள் குழம்பில் போனது புனா வட்டாரத்தில், ஆபத்து அதிகமான மண்டலங்களில். நான் தூங்கினேனா என்று கேட்காதீர்கள்.

தென்னை விவசாயி, பொள்ளாச்சி: எரிமலை மண் நல்ல உரமாமே. ஒரு பை கொண்டுவந்திருக்கலாமே டீச்சர்?

மண் நல்ல மண்தான். கோனாச் சரிவில் அதில்தான் காப்பி விளைகிறது. மற்ற இடங்களில் குளிர்காலத்தில் மழை என்றால், அங்கே மட்டும் கோடையில் மதியம் மேகம் கட்டி மழை. காப்பிக்கு அது தோது. ஆனால் அங்கே தேசியப் பூங்காவில் ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது, சட்டம். எடுத்தால் பெலே விடமாட்டாள் என்ற நம்பிக்கை வேறு. எடுத்துப் போனவர்கள் பயந்து தபாலில் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்களாம், பூங்காவுக்கு அதைப் பிரித்து வைப்பதே ஒரு வேலை. நான் ஒரு பாக்கெட் கோனாக் காப்பிப் பொடி மட்டும் வாங்கி வந்தேன். நம் சிக்கரி கலக்காமல் எனக்குக் காப்பியாகவே தோன்றவில்லை. கலந்துதான் குடித்தோம். அதுவும் ஆனி மாதமே தீர்ந்துவிட்டது.